வெளிச்சத்தில் மறைந்து இருட்டில் தெரியும் பொன்

ஓட்டு வீட்டின் கூரையில் ஒரு சிறு இடுக்கு. அதன் வழியே இருண்ட அறைக்குள் வெயில் கற்றையாகச் சாய்ந்து விழுகிறது. அந்தக் கற்றைக்குள் எண்ணற்ற தூசிகள் மினுமினுத்துக்கொண்டு மிதப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இப்போது சன்னல்களை எல்லாம் திறந்து விடுங்கள். தூசிகளைக் காணோம்! அவை எங்கும் ஓடிவிடவில்லை. அறை முழுவதும் வெளிச்சம் பரவியதும் அவற்றின் மங்கிய மினுமினுப்பு அந்த வெளிச்சத்தில் அமுங்கிப் போயிற்று.

இந்த எளிய காட்சியில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. ஒன்று, மிகச் சிறிய பொருளின்மீது பக்கவாட்டில் வலுவான ஒளி விழுந்தால், அது அந்த ஒளியில் சிறிதளவை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கும். இரண்டு, பின்னணி இருட்டாக இருந்தால் அந்தச் சிறிதளவு ஒளியே அப்பொருள் இருப்பதை நமக்குக் காட்டிக் கொடுத்துவிடும். இவ்விரண்டையும் நம்பி, எந்த நுண்ணோக்கியாலும் காண முடியாது என்று கருதப்பட்ட பொன் துகள்களை ஒவ்வொன்றாகக் கண்டு எண்ணியவர்கள் இரண்டு விஞ்ஞானிகள். ஆண்டு 1902. அதன் வரலாற்றைப் பார்ப்போம்.

சிவப்பு நீரில் பொன் இருக்கிறதா?

பொன்னின் நிறம் மஞ்சள் என்று யாரும் சொல்வார்கள். ஆனால் கண்ணாடியை உருக்கும்போது அதில் மிகச் சிறிதளவு பொன்னைச் சேர்த்துப் பக்குவமாகச் சூடாக்கினால், மாணிக்கச் சிவப்பு நிறக் கண்ணாடி கிடைக்கிறது. இந்த வித்தை மிகப் பழமையானது. லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் லைகர்கஸ் கிண்ணம் என்ற 4ஆம் நூற்றாண்டு ரோமானியக் கண்ணாடிக் கிண்ணம் உள்ளது. வெளியிலிருந்து ஒளி பட்டால் அது பச்சையாகத் தெரியும். உள்ளே விளக்கை வைத்தால் சிவப்பாக ஒளிரும். அதில் கலந்துள்ள மிக நுண்ணிய வெள்ளி, தங்கத் துகள்களே இதற்குக் காரணம். செய்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கைவினைஞர்கள் தங்கக் கரைசலோடு வெள்ளீய உப்பைச் சேர்த்து ஒரு செந்நீலப் பொடியைத் தயாரித்தார்கள். காசியஸ் என்பவரின் பெயரால் அது 'காசியஸ் செந்நீலம்' எனப்பட்டது. கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நிறமூட்ட இது பயன்பட்டது. இந்தப் பொடி பொன்னும் வெள்ளீயமும் சேர்ந்த ஒரு சேர்மமா? அல்லது வெறும் கலவையா? வேதியியலார் இரண்டு நூற்றாண்டுகளாக இதற்கு விடை காண முயன்றனர். பெர்சீலியஸ் போன்ற பேரறிஞரே அதைச் சேர்மம் என்று கருதினார்.

இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே இந்தப் புதிரை வேறு வழியில் அணுகினார். தங்கக் குளோரைடு கரைசலைப் பாஸ்பரஸின் உதவியால் ஒடுக்கி, மாணிக்கம் போன்ற சிவப்பு நீரைப் பெற்றார். பார்வைக்கு அது தெளிந்த சாயநீர் போலவே இருந்தது. ஆனால் ஒரு லென்சினால் ஒளியைக் குவித்து அதனுள் செலுத்தியபோது, ஒளி சென்ற பாதை நீருக்குள் ஒரு கூம்பாகத் துலங்கியது. சர்க்கரை கரைந்த தெளிந்த நீரில் இப்படிப் பாதை தெரிவதில்லை. ஆகவே இதில் பொன் கரைந்திருக்கவில்லை, மிக நுண்ணிய உலோகத் துகள்களாக மிதக்கிறது என்று ஃபாரடே 1857இல் ராயல் கழகத்தில் நிகழ்த்திய பேருரையில் எடுத்துரைத்தார். ஆனால் சிறந்த நுண்ணோக்கிகளில் பார்த்தும் ஒரு துகள்கூடக் கண்ணில் படவில்லை. அவர் தயாரித்த நீர் அடங்கிய புட்டிகள் சில இன்றும் லண்டன் ராயல் நிறுவனத்தில் நிறம் மாறாமல் உள்ளன.

ஒளிப்பாதை இவ்வாறு துலங்குவதை ஜான் டிண்டால் பின்னர் விரிவாக ஆராய்ந்தார். ஆகவே இதை 'டிண்டால் விளைவு' என்று பாடநூல்களில் படிக்கிறோம்.

நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் இரண்டு மூன்று சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். அறையை இருட்டாக்கி டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் செலுத்துங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் ஒளிப்பாதை இளநீலமாகத் தெரியும். நேரெதிரே நின்று பார்த்தால் டார்ச் சற்றுச் செம்மஞ்சளாகத் தோன்றும். ஆனால் நீங்கள் காண்பது கோடிக்கணக்கான துகள்களின் கூட்டொளி. தனித்தனித் துகளைக் காண்பது எப்படி?

நுண்ணோக்கியின் எல்லை

'லென்சுகளின் திறனைக் கூட்டிக்கொண்டே போனால் எதையும் பார்த்துவிடலாம் அல்லவா?' என்று மாணவர்கள் கேட்பதுண்டு. முடியாது. ஜெர்மனியில் யேனா நகரில் ஸைஸ் தொழிலகத்தின் அறிவியல் வழிகாட்டியாக இருந்த எர்ன்ஸ்ட் ஆபே, 1873இல் இதற்குக் காரணத்தைக் காட்டினார். ஒளி ஓர் அலை. லென்சின் வழியே வரும்போது விளிம்பு விளைவினால் ஒரு புள்ளியின் பிம்பம் புள்ளியாக அமைவதில்லை. அது ஒரு சிறு வட்டமாகப் பரவிவிடுகிறது. நெருங்கிய இரண்டு புள்ளிகளின் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். மிகச் சிறந்த நுண்ணோக்கியிலும் ஏறக்குறைய ஒளியின் அலைநீளத்தில் பாதிக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காண இயலாது. நீங்கள் காணும் பச்சை ஒளிக்கு இது சுமார் 200 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஃபாரடேயின் துகள்களோ சில பத்து நானோமீட்டர் அளவினவே.

ஆபேயின் விதியை ஊன்றிப் படியுங்கள். இரண்டு பொருள்களைப் 'பிரித்து' அறிவதற்கே அது எல்லை வகுக்கிறது. தனியாக நிற்கும் ஒரு பொருள் 'இருக்கிறது' என்று அறிவதற்கு அது தடை சொல்லவில்லை. வானத்தைப் பாருங்கள். விண்மீன்களின் உருவத்தை நம் கண்ணால் பிரித்தறிய முடியாது. அவ்வளவு தொலைவில் அவை இருக்கின்றன. ஆயினும் இருண்ட வானில் ஒளிப்புள்ளிகளாக அவற்றைக் காண்கிறோம், எண்ணுகிறோம். பகலில் மட்டும் காண முடிவதில்லை. அப்போதும் விண்மீன்கள் அங்கேதான் உள்ளன. பின்னணி வானம் ஒளிமயமாகிவிட்டது, அவ்வளவே.

சாதாரண நுண்ணோக்கியில் பார்ப்பது பகலில் விண்மீனைத் தேடுவது போன்றது. அடியிலிருந்து வரும் ஒளி முழுவதும் நேராகக் கண்ணுக்குள் புகுந்துவிடுகிறது. துகள் சிதறும் சிற்றொளி அதில் அமிழ்ந்துபோகிறது.

யேனா நகரில் இருவர்

ரிச்சர்டு ஸிக்மாண்டி 1865இல் வியன்னாவில் பிறந்தவர். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நிறமூட்டும் வேதியியலில் ஈடுபாடு கொண்டவர். அந்த ஈடுபாடே அவரை 1897இல் யேனாவிலுள்ள ஷாட் கண்ணாடித் தொழிலகத்திற்கு அழைத்துச் சென்றது. தங்கக் குளோரைடை ஃபார்மால்டிஹைடு கொண்டு ஒடுக்கி அவரும் ஃபாரடேயின் சிவப்பு நீரைத் தயாரித்தார். கூழ்ம நிலையிலுள்ள பொன்னையும் கூழ்ம நிலையிலுள்ள வெள்ளீய அமிலத்தையும் தனித்தனியே தயாரித்துக் கலந்தபோது காசியஸ் செந்நீலம் கிடைத்தது! அது சேர்மம் அல்ல, நுண்துகள்களின் கலவையே என்பதற்கு இது வலுவான சான்று.

ஆனால் பொன் உண்மையிலேயே துகள்களாகத்தான் உள்ளதா என்ற ஐயம் வேதியியலாரிடையே முற்றிலும் தீரவில்லை. 'துகள்' என்று சொல்பவர் அதைக் காட்ட வேண்டும் அல்லவா? ஸிக்மாண்டி 1900இல் தொழிலகப் பணியை விட்டுத் தம் சொந்த ஆய்வில் இறங்கினார். ஃபாரடேயின் ஒளிக்கூம்பை நுண்ணோக்கியால் பக்கவாட்டில் பார்த்தால் என்ன என்பது அவருடைய எண்ணம். எளிய ஓர் அமைப்பிலேயே மினுக்கும் புள்ளிகள் தென்பட்டன. இன்னும் நுண்ணிய துகள்களைக் காண நல்ல கருவி வேண்டும். ஆபேயின் ஆதரவோடு ஸைஸ் தொழிலகத்தின் இயற்பியலாளர் ஹென்றி ஸீடென்டோப் அவருடன் சேர்ந்தார். வேதியியலும் இயற்பியலும் இவ்வாறு கைகோத்தன.

அவர்கள் அமைத்த கருவியே 'அல்ட்ரா மைக்ராஸ்கோப்' எனப்படும் அதிநுண்ணோக்கி. அதன் அமைப்பு இதுதான். வில் விளக்கின் ஒளி அல்லது சூரிய ஒளி முதலில் ஒரு மெல்லிய பிளவின்மீது குவிக்கப்படும். அந்தப் பிளவின் பிம்பத்தை வேறொரு லென்ஸ் தொகுதி மிகவும் சிறிதாக்கி, பொன் கூழ்மம் அடங்கிய சிறு கண்ணாடிக் கலத்தினுள் பக்கவாட்டில் செலுத்தும். நுண்ணோக்கி மேலிருந்து, ஒளிக்கற்றைக்குச் செங்குத்தாக நோக்கும். விளக்கின் ஒளி நேராகக் கண்ணை அடைய வழியே இல்லை. துகள்கள் சிதறும் ஒளி மட்டுமே மேலே வரும்.

கண்ணருகு வில்லையில் பார்த்தால் கரிய பின்னணியில் மின்னும் புள்ளிகள்! ஒவ்வொரு புள்ளியும் ஒரு பொன் துகள். மாணிக்கக் கண்ணாடித் துண்டுகளிலும் அவ்வாறே தெரிந்தது. 1903இல் 'அன்னாலென் டெர் பிசிக்' இதழில் இருவரின் கட்டுரை வெளிவந்தது. நல்ல சூரிய ஒளியில் 10 நானோமீட்டருக்கும் குறைந்த பொன் துகள்கள்கூட இம்முறையில் புலப்பட்டன.

எண்ணியே அளந்தார்கள்

புள்ளி தெரிகிறது, சரி. துகளின் அளவு என்ன? புள்ளியின் அகலத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆபேயின் விதிப்படி 20 நானோமீட்டர் துகளும் 50 நானோமீட்டர் துகளும் ஒரே அகல வட்டமாகத்தான் தெரியும். இங்கேதான் அவர்களுடைய திறமையைப் பார்க்கிறோம். அளக்க முடியாததை எண்ணிக்கையால் அளந்தார்கள்!

பிளவைக் கூட்டிக் குறைத்து, ஒளிபடும் பகுதியின் பருமனை அறிந்துகொள்ளலாம். அப்பகுதிக்குள் எத்தனை புள்ளிகள் என்று பலமுறை எண்ணிச் சராசரி காணலாம். கரைசலில் எவ்வளவு பொன் உள்ளது என்பது தயாரித்தவருக்குத் தெரியும். மீதி வெறும் வகுத்தல் கணக்கு.

நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டரில் அரை மில்லிகிராம் பொன் உள்ள கூழ்மம் என்று வைத்துக்கொள்வோம். பொன்னின் அடர்த்தி 19.3. ஆகவே அந்தப் பொன்னின் மொத்தப் பருமன் சுமார் 0.026 கன மில்லிமீட்டர். ஒளிபடும் பகுதி, ஒவ்வொரு பக்கமும் நூறில் ஒரு மில்லிமீட்டர் உள்ள ஒரு சிறு பெட்டி என்போம். ஒரு லிட்டரில் இத்தகைய பெட்டிகள் ஒரு லட்சம் கோடி அடங்கும். ஒரு பெட்டியில் சராசரியாக 3 புள்ளிகள் தென்பட்டால், லிட்டரில் மொத்தம் 3 லட்சம் கோடி துகள்கள். 0.026 கன மில்லிமீட்டரை இவ்வெண்ணால் வகுத்துக் கனமூலம் கண்டால், துகளின் பக்க அளவு ஏறக்குறைய 20 நானோமீட்டர் என்று வரும்.

கூழ்மத்தை நன்றாக நீர் சேர்த்து நீர்க்கச் செய்ய வேண்டியது ஏன் என்பதும் உங்களுக்கு இப்போது விளங்கும். துகள்கள் நெருங்கியிருந்தால் இரண்டு புள்ளிகள் ஒன்றாகத் தெரிந்து எண்ணிக்கை தவறிவிடும். ஆபேயின் விதியை அவர்கள் மீறவில்லை. அதற்கு உட்பட்டே வேலையை முடித்தார்கள்.

ஓயாத ஆட்டம்

கண்ணாடிக்குள் இருந்த புள்ளிகள் அசையாமல் நின்றன. நீரிலுள்ள புள்ளிகளோ ஒரு கணமும் ஓயவில்லை. மழைக்குப்பின் விளக்கைச் சுற்றும் ஈசல்போல அங்குமிங்கும் துள்ளின. 1827இல் ராபர்ட் பிரௌன் மகரந்தப் பொருளில் கண்ட அதே இயக்கம்தான் இது. ஆனால் துகள் சிறியதாக இருந்ததால் துள்ளல் மிக வேகமாக இருந்தது.

அந்நாளில் அணுவும் மூலக்கூறும் உண்மையில் உள்ளனவா, அல்லது கணக்கிற்கு வசதியான கற்பனையா என்ற விவாதம் ஓய்ந்திருக்கவில்லை. 1905இல் ஐன்ஸ்டைனும் 1906இல் ஸ்மோலுசோவ்ஸ்கியும், நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் மோதுவதாலேயே துகள் ஆடுகிறது என்று கொண்டு, அது எவ்வளவு நகரும் என்பதற்குச் சமன்பாடு தந்தார்கள். ஸ்வீடனில் ஸ்வெட்பெர்க் அதிநுண்ணோக்கியின் வழியே உலோகக் கூழ்மங்களின் ஆட்டத்தை ஆராய்ந்தார். பிரான்சில் பெரின் இன்னும் பெரிய பிசின் துகள்களைக் கொண்டு நுட்பமாக அளந்து, அவகாட்ரோ எண்ணைக் கணக்கிட்டார். அணுக்கள் உண்டு என்பதை மறுத்துவந்த வேதியியல் அறிஞர் ஆஸ்ட்வால்டு இத்தகைய சான்றுகளைக் கண்டபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். பின்னர் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியரான ஸிக்மாண்டிக்கு 1925ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு 1926இல் அளிக்கப்பட்டது. அதே 1926இல் பெரின் இயற்பியல் பரிசையும், ஸ்வெட்பெர்க் வேதியியல் பரிசையும் பெற்றார்கள். கருவியை உருவாக்கிய ஸீடென்டோப்புக்கு அந்தப் பரிசில் பங்கு கிடைக்கவில்லை.

மருத்துவத்திலும் இருட்டுப் பின்னணி கைகொடுத்தது. மேகநோயை உண்டாக்கும் மெல்லிய திருகு வடிவக் கிருமியைச் சாதாரண நுண்ணோக்கியில், சாயமேற்றாமல் காண்பது மிகக் கடினம். 1906இல் வியன்னாவில் லாண்ட்ஸ்டைனரும் மூகாவும் கரும்பின்னணி முறையில் அக்கிருமி உயிருடன் நெளிவதைக் கண்டார்கள். நோயைத் தொடக்கத்திலேயே அறிய இது வழி செய்தது.

பொன் பச்சையாகத் தெரிந்தது ஏன்?

சிவப்பு நீரிலுள்ள பொன் துகள்கள் அதிநுண்ணோக்கியில் பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்தன. நீலமாகிவிட்ட பொன் கூழ்மத்திலோ மஞ்சளும் சிவப்புமாகத் தெரிந்தன. இதை விளக்கியவர் ஜெர்மானியரான குஸ்டாவ் மீ. ஒரு கோளத்தின்மீது ஒளியலை விழுந்தால் எவ்வளவு சிதறும், எவ்வளவு உட்கவரப்படும் என்பதை 1908இல் மாக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கொண்டு அவர் கணக்கிட்டார்.

ஓர் ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இயல்பான தாளத்திற்கு ஏற்பத் தள்ளினால் சிறு விசையே அதை உயரக் கொண்டுபோகும். உலோகத்தில் கட்டின்றித் திரியும் எலெக்ட்ரான்கள், ஒளியலையின் மின்புலம் மாற மாறத் துகளுக்குள் இப்படியும் அப்படியும் ஊசலாடுகின்றன. நீரிலுள்ள சிறு பொன் துகளில் இந்த ஊஞ்சலின் தாளம் சுமார் 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியோடு ஒத்துப்போகிறது. ஆகவே பச்சை ஒளி மிகுதியாகச் சிதறுகிறது, உட்கவரப்படுகிறது. எஞ்சிய ஒளி நீரைக் கடந்து வரும்போது சிவப்பாகத் தோன்றுகிறது. துகள் பெரிதானாலோ, வடிவம் மாறினாலோ, இரண்டு துகள்கள் ஒட்டிக்கொண்டாலோ தாளமும் மாறும், நிறமும் மாறும். உருவத்தைக் காட்டாத ஒளிப்புள்ளி, தன் நிறத்தால் செய்தி சொல்கிறது!

மங்கலும் மறுமலர்ச்சியும்

அதிநுண்ணோக்கிக்கு ஒரு பெரிய இடர்ப்பாடு உண்டு. சிறு துகள் சிதறும் ஒளி, அதன் விட்டத்தின் ஆறாம் படியைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒரு பங்கானால் ஒளி பத்து லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே மிகச் சிறிய துகள்கள் இருட்டிலேயே மறைந்து நின்றன. 1930களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி பிறந்தது. துகளின் உருவத்தையே அது படமாகக் காட்டியது. 1951இல் அமெரிக்காவில் டர்கெவிச் முதலியோர் பொன் கூழ்மத் துகள்களை அதன் மூலம் விரிவாக அளந்தார்கள். அதிநுண்ணோக்கியின் மவுசு குறைந்தது.

ஆனால் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் பொதுவாக வெற்றிடம் வேண்டும். உயிருள்ள செல்லை அதற்குள் வைத்து நடப்பதைப் பார்க்க இயலாது. ஒளிக்கு அந்தத் தடை இல்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டி, நல்ல ஒளியுணர் கேமராக்களின் துணையால் கரும்பின்னணி முறை மீண்டும் தலைதூக்கியது. தனிப் பொன் துகளின், தனி வெள்ளித் துகளின் நிறமாலையைப் பதிவு செய்தார்கள். ஒளிரும் சாயங்கள் சிறிது நேரத்தில் வெளுத்துவிடும். உலோகத் துகள் வெளுப்பதில்லை.

ஆறாம் படி விதியைச் சமாளிக்கவும் வழிகள் பிறந்தன. 2002இல் பிரான்சின் போர்தோ நகர ஆய்வாளர்கள், துகள் உட்கவரும் ஒளியினால் அதைச் சுற்றி உண்டாகும் நுண்ணிய சூட்டைக் கண்டறிந்து, 2.5 நானோமீட்டர் பொன் துகள்வரை படம் பிடித்தார்கள்.

இன்னொரு வழி குறுக்கீட்டு விளைவு. துகளிலிருந்து வரும் அலையின் வீச்சு 1 என்போம். செறிவு என்பது வீச்சின் இருபடி; ஆகவே தனியே பார்த்தால் அதுவும் 1. இப்போது வீச்சு 100 உள்ள வேறோர் அலையை அதனுடன் சேருங்கள். துகள் இல்லாதபோது செறிவு 10,000. துகள் இருந்தால் 101இன் இருபடி, அதாவது 10,201. வேறுபாடு 201! துகளின் அலைவீச்சு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் தனிச்செறிவு நூறில் ஒரு பங்காகும். இந்த வேறுபாடோ பத்தில் ஒரு பங்காக மட்டுமே குறையும். ஆறாம் படி மூன்றாம் படியாகிவிடுகிறது. 2004இல் சூரிக் நகரில் இம்முறையால் 5 நானோமீட்டர் பொன் துகளைக் கண்டார்கள். 2014இல் பொன்னின் துணையே இல்லாமல் தனிப் புரத மூலக்கூறுகள் சிதறும் ஒளியையும் இதனால் பிடித்துவிட்டார்கள். 2018இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் அந்த ஒளியின் அளவைக் கொண்டு தனி மூலக்கூறின் நிறையையே கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? ஸிக்மாண்டியும் ஸீடென்டோப்பும் பின்னணி ஒளியைத் துரத்தியடித்து வெற்றி கண்டார்கள். நூறாண்டுக்குப் பின் வந்தவர்கள் அதே பின்னணி ஒளியை வேண்டுமென்றே உள்ளே அழைத்து, கணிப்பொறியின் துணையால் அதைத் துல்லியமாகக் கழித்து, அதைவிடச் சிறியதைக் காண்கிறார்கள். ஒரு காலத்தில் இடையூறாக இருந்ததே பிற்காலத்தில் கருவியாகிவிட்டது. அடுத்த முறை இயற்பியல் பாடத்தில் 'இதற்குமேல் முடியாது' என்ற விதி ஒன்றைப் படிக்கும்போது, அது சரியாக எதை முடியாது என்கிறது என்று ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பாருங்கள்.